மார்பை இழந்த சகோதரியின் கேள்வி



சென்ற தபசு காலத்துக்குச் சற்று முன், எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்த காரியத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். 46 வயதுச் சகோதரி, மூன்று பிள்ளைகளின் தாய். மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் அவளுடைய இடது மார்பில் கட்டி கண்டது. புற்றுநோய் என்று தெரிந்து, மார்பையே எடுத்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது டாக்டர் அம்மாள் ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதிக் கொடுத்தார். எடுத்த இடத்தில் சிலிகான் பை வைக்கலாம்; உப்புநீர்ப் பை வைக்கலாம்; வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தச் சதையை எடுத்து வைத்துத் தைக்கலாம்; ஒன்றும் வைக்காமலும் விடலாம். "வீட்டில் கலந்து பேசி அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள்" என்றாராம்.

வீட்டில் கலந்து பேசிய விதம் இதுதான். மாமியார் சொன்னது: "மூணு பிள்ளை பெத்தாச்சு. பேரன் பேத்தி எடுக்கப் போற வயசு. இனி யாருக்குக் காட்டணும்?" நாத்தனார் போனில் சொன்னது: "அண்ணி, வைக்கிறதா இருந்தா ஒசந்ததா வைங்க. துட்டைப் பாக்காதீங்க." உறவினர் ஒருவர் பாதி விலைக்கு முடித்துத் தரும் இடம் ஒன்று தமக்குத் தெரியும் என்றார். புருஷனோ ஒரு நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு, ராத்திரி, "உன் இஷ்டம்" என்றார். இந்த "உன் இஷ்டம்" என்ற வார்த்தை சில சமயம் அன்பினால் வருகிறது; சில சமயம் பிலாத்து கைகழுவினதுபோல் வருகிறது. இது எந்த வகை என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவள் கேட்ட கேள்வி, எது நல்லது என்பதல்ல. "இப்படி ஒண்ணு வேணும்னு நெனைக்கிறதே பெருமையா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய காரியமா?" என்று கேட்டாள்.

இவ்விஷயத்தை அச்சில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். காலுக்கும் கண்ணுக்கும் வரும் வியாதியைப்பற்றித் தாராளமாய்ப் பேசுகிறோம். மார்புக்கு வரும் வியாதியைப்பற்றி மட்டும் காதோடு காதாகப் பேசுகிறோம். இந்தக் கூச்சத்தினாலேயே நம் பெண்களில் பலர் கட்டியை மாதக்கணக்கில் மறைத்துவைத்து, காலம் கடந்தபின் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஆகையால் எழுதுவதே நல்லது.

நிற்க. இந்தக் காரியத்தில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, செய்துகொள்ளலாமா என்பது. மற்றொன்று, எந்த வகையைத் தெரிந்தெடுப்பது என்பது. முதற்கேள்வி மனச்சாட்சிக்கு உரியது, இரண்டாவது கேள்வி டாக்டருக்கு உரியது என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். எனக்கோ இது தலைகீழாகத் தோன்றுகிறது. முதற்கேள்விக்கு விடை எளிது. மனச்சாட்சிக்கு உண்மையான வேலை இருப்பது இரண்டாவதில்தான்.

முதலாவதை முடித்துவிடுவோம். 1958-ம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர், இத்தாலி தேசத்துப் பிளாஸ்டிக் ரண சிகிச்சை வைத்தியர்களின் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களிடம் பேசினார். அதற்குப்பின் ஐந்து நாளில் அவர் மரித்தார்; ஆகையால் இது அவருடைய கடைசிப் போதனைகளில் ஒன்று. சரீர அழகு ஒரு நன்மைதான், ஆனால் நன்மைகளின் வரிசையில் அது முதலிடம் பெறுவதல்ல; அழகைச் சீர்ப்படுத்தும் சிகிச்சையை அதன் நோக்கத்தையும், சந்தர்ப்பத்தையும், அதனால் வரும் அபாயத்தையும் கொண்டே நன்றென்றோ தீதென்றோ சொல்லவேண்டும் என்பது அவர் போதித்ததன் சாரம். நோயினால் இழந்த ஓர் அவயவத்தின் வடிவத்தைத் திரும்பப் பெற விரும்புவதில் என்ன தீய நோக்கம் இருக்கமுடியும்? பல் விழுந்தவர் பல்செட் வைத்துக்கொள்கிறார். கால் இழந்தவர் ஜெய்ப்பூர் கால் மாட்டிக்கொள்கிறார். இனி யாருக்குக் காட்ட என்று அவர்களை ஒருவரும் கேட்பதில்லை.

பிப்ரவரி 5-ந் தேதி நாம் கொண்டாடும் அர்ச். ஆகத்தம்மாளை நினைத்துப் பாருங்கள். சிசிலித் தீவில் கத்தானியா நகரில், மூன்றாம் நூற்றாண்டில், வேத கலகத்தின்போது அவளுடைய மார்புகளை அறுத்தார்கள் என்றும், அன்றிரவு அர்ச். இராயப்பர் சிறைச்சாலையில் தோன்றி அவளைக் குணப்படுத்தினார் என்றும் பாரம்பரியம் சொல்லுகிறது. மார்பக நோயுற்றவர்கள் இன்றும் அவளுடைய உதவியை மன்றாடுகிறார்கள். மறுநாள் அல்லது மறுவாரம் சாகப்போகிற ஒரு கன்னிகைக்கு மார்பு எதற்கு என்று அப்போஸ்தலர் கேட்டதாக ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வைத்துக்கொண்டால்தான் பெண், வைத்துக்கொள்ளாதவள் குறைப்பட்டவள் என்று நினைப்பதும் தவறு. 1957-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி அதே பாப்பரசர், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லுகையில், உயிரைக் காத்துக்கொள்வதற்குக்கூட ஒருவன் தன் இடம், காலம், நிலைமைக்கேற்ற சாதாரண வழிகளைக் கையாளவே கடமைப்பட்டிருக்கிறான், பெரும்பாரமான அசாதாரண வழிகளுக்குக் கட்டுப்பட்டவனல்ல என்று தெளிவுபடுத்தினார். உயிருக்கே இப்படியென்றால் வடிவத்துக்குச் சொல்லவேண்டுமா? தட்டையான மார்போடு தலைநிமிர்ந்து பூசைக்கு வரும் பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை.

நோயற்ற மார்பைப் பெரிதாக்கிக்கொள்வது வேறு காரியம்; அதைப்பற்றி நீளமாய் எழுத இங்கே இடமில்லை. ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். 2018-ம் வருஷம் பிப்ரவரி மாதம் சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில் மார்பகச் சிகிச்சைகளை, அழகுக்காகச் செய்வதையும் சேர்த்து, ஏழைகளுக்கு இலவசமாய்ச் செய்யும் ஏற்பாடு தொடங்கியபோது பலர் சிரித்தார்கள். புற்றுநோயால் மார்பிழந்த ஏழைப் பெண்ணை நினைத்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். பணக்காரிக்கு உரியதாக எண்ணுவதை ஏழை கேட்டால் மட்டும் நமக்கு ஏன் சிரிப்பு வருகிறது? ஆயினும் நோயற்ற இளம்பெண்களைப்பற்றி எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. பையை இலவசமாய் வைத்துவிடலாம். 10 வருஷம் கழித்து அதைச் சோதிக்கவும் மாற்றவும் ஆகும் செலவும் நோவும் யாருடையவை என்பதே அந்தத் தயக்கம். இந்தத் தயக்கம் நம்மை இரண்டாவது கேள்விக்குக் கொண்டுபோகிறது.

எந்த வகை?

இந்தப் பைகளின் பிறப்பைப்பற்றிய கதை ஒன்று உண்டு. 1895-ம் வருஷம் ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி என்ற வைத்தியர், பெண் ஒருத்தியின் மார்பில் கட்டியை எடுத்துவிட்டு, அவளுடைய முதுகிலிருந்த கொழுப்புக் கட்டியை அந்த இடத்தில் வைத்துத் தைத்தார். அதாவது சொந்தச் சதை வைக்கும் முறைதான் மூத்தது. சிலிகான் பை பிறந்ததோ 1962-ம் வருஷம், அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்து ஹூஸ்டன் நகரில். பிராங்க் ஜெரோ என்ற வைத்தியர் பிளாஸ்டிக் இரத்தப் பையைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தபோது அந்த யோசனை உதித்ததாம். அவரும் தாமஸ் கிரோனின் என்பவரும் சேர்ந்து பையைச் செய்து, முதலில் எஸ்மெரால்டா என்ற நாய்க்கு வைத்துப் பார்த்தார்கள். பின்பு ஆறு பிள்ளைகளின் தாயான ஓர் ஏழைப் பெண்ணுக்கு வைத்தார்கள். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தது மார்பில் குத்தியிருந்த பச்சையை அழிப்பதற்காக. இதை வைத்துக்கொள்கிறாயா என்று வைத்தியர்கள் கேட்டபோது, தனக்குத் துருத்திக்கொண்டிருக்கும் காதுகளைச் சரிசெய்தால் போதும் என்றாள். இரண்டையும் செய்கிறோம் என்றார்கள், செய்தார்கள்.

வாசகரே, இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காதுகள்தான் என் கண்முன் நிற்கின்றன. அவள் கேட்டது ஒன்று, அவளுக்கு முன்வைக்கப்பட்டது மற்றொன்று. அவள் சம்மதித்தாள், உண்மைதான். ஆனால் கேட்டு வாங்கியதற்கும் கொடுத்துச் சம்மதிக்க வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

சில வருஷங்களுக்குள் பிரான்சு தேசத்தில் உப்புநீர்ப் பை வந்தது. இதிலும் மேலுறை சிலிகானே. உள்ளே நிரப்பியிருப்பது மட்டும் சாதாரண உப்புநீர். சிலிகான் பையில் உள்ளே இருப்பது கூழ்போன்ற பொருள். தொட்டுப் பார்த்தால் கூழ்ப் பை இயற்கை மார்புக்கு அதிகம் ஒத்திருக்கும் என்கிறார்கள். உப்புநீர்ப் பை சில சமயம் தோலுக்கு மேலே சுருக்கம் சுருக்கமாய்த் தெரியும். மெலிந்த பெண்களுக்கு இது அதிகம். விற்பவர்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் இரண்டுக்கும் நடுவே இதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. உப்புநீர்ப் பை கிழிந்தால் நீர் வடிந்து, மார்பு தட்டையாகிவிடும். சரீரம் அந்த நீரைத் தீங்கின்றி உறிஞ்சிக்கொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணும் கண்ணாடியில் பார்த்து அறிந்துகொள்வாள். சிலிகான் பை கிழிந்தால் பல சமயங்களில் வெளியே ஒன்றும் தெரியாது. வலியும் இராது, வடிவமும் மாறாது. எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்டு ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் அமெரிக்க சர்க்காரின் உணவு மருந்து நிர்வாகம், சிலிகான் பை வைத்துக்கொண்டவர்கள் நோவு ஒன்றும் இல்லாவிட்டாலும் 5 அல்லது 6 வருஷத்தில் முதல் ஸ்கேனும், அதன்பின் 2 அல்லது 3 வருஷத்துக்கு ஒருமுறையும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று 2020-ம் வருஷம் ஆலோசனை சொல்லியிருக்கிறது. பட்டணத்தில் இருப்பவளுக்கு இது ஒரு காலைப்பொழுது. பஸ் ஏறி நாலு மணி நேரம் போகவேண்டியவளுக்கு, அன்றைய கூலியை இழந்து, துணைக்கு ஒருவரையும் அழைத்துப்போகவேண்டியவளுக்கு, இது எத்தனை வருஷம் நடக்கும்? இதைக் கணக்கில் சேர்க்காமல் "ஒசந்தது" எது, மட்டமானது எது என்று சொல்லக்கூடுமா? நாத்தனார் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவர் கண்டது கடையில் சொல்லும் விலையை மட்டுமே.

எந்தப் பையும் ஆயுசுக்கும் இருப்பதல்ல என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். அந்நிய வஸ்து ஒன்று உள்ளே வந்தால், அதைச் சுற்றிச் சரீரம் தழும்பினால் ஒரு சவ்வைக் கட்டிவிடுகிறது. சிலருக்கு இந்தச் சவ்வு இறுகிப் பையை நெருக்கும். மார்பு கல்போல் ஆகி வலிக்கும். நம் ஜனங்கள் "கரண்ட் வைக்கிறது" என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்தில் இது இன்னும் அதிகம். மேலே சொன்ன நிர்வாகம் 2011-ம் வருஷம் வெளியிட்ட அறிக்கையின்படி, அழகுக்காக வைத்துக்கொண்டவர்களில் 5 பேருக்கு ஒருவர் வரையிலும், மார்பை இழந்தபின் வைத்துக்கொண்டவர்களில் 2 பேருக்கு ஒருவர் வரையிலும், 10 வருஷத்துக்குள் பையை எடுக்க நேர்கிறது. இரண்டில் ஒன்று என்பது சின்னக் கணக்கல்ல. அன்றியும், வைத்த மார்பில் பெரும்பாலும் உணர்ச்சி இராது. பார்ப்பவருக்கு மார்பு இருக்கும். அவளுக்கோ அந்த இடம் மரத்திருக்கும். இதை ஆபரேஷனுக்குமுன் தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே என்று பின்னால் அழுகிற பெண்கள் உண்டு.

மேலுறையிலும் இரண்டு விதம் உண்டு, வழுவழுப்பானது, சொரசொரப்பானது என்று. பை இடம் பெயராமலும் சவ்வு இறுகாமலும் இருக்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் சொரசொரப்பைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தத் தழும்புச் சவ்விலே அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோய் தோன்றக்கூடும் என்று 2011-ம் வருஷம் எச்சரிக்கை வந்தது. போகப்போக, அது பெரும்பாலும் சொரசொரப்பான பைகளைச் சுற்றியே வருகிறது என்று தெரிந்தது. 2019-ம் வருஷம் ஏப்ரலில் பிரான்சு தேசம் அதிகச் சொரசொரப்பான வகைகளைத் தடைசெய்தது. அதே வருஷம் ஜூலையில் அல்லெர்கன் கம்பெனி தன் சொரசொரப்பான பைகளை உலகமெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. புற்றுநோயினின்று தப்பினவளுக்கு வைத்த பையினால் மற்றொரு புற்றுநோய்! அபூர்வம்தான், ஆயினும் அபூர்வம் என்பதை அவளிடம் சொல்லாதிருப்பதற்குக் காரணமாக்கலாமா?

பயமுறுத்துவதும் பொய்யே என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1992-ம் வருஷம் அமெரிக்காவில் சிலிகான் பைகளைப் பெரும்பாலும் நிறுத்திவைத்தார்கள். சரீரம் முழுவதையும் வாட்டும் மூட்டுவாதம் முதலான வியாதிகள் அவற்றால் வருகின்றன என்று ஆயிரக்கணக்கான பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். டவ் கார்னிங் என்ற பெரிய கம்பெனி 1995-ல் திவால் மனுக் கொடுத்தது. 1999-ம் வருஷம் அந்நாட்டு வைத்திய நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து, அப்படிப்பட்ட வியாதிகளுக்குச் சிலிகான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை, கிழிவதும் இறுகுவதும் போன்ற உள்ளிடத்துத் தொல்லைகளே மெய்யானவை என்று கூறியது. 2006-ம் வருஷம் நவம்பரில் திரும்பவும் அனுமதி வந்தது. ஆகவே, "சிலிகான் என்றால் விஷம்" என்று ஆலமரத்தடியில் தீர்ப்புச் சொல்லுகிறவர்களும் ஒரு நோயாளிக்குக் கெடுதிதான் செய்கிறார்கள்.

பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்ற உறவினரை மறக்கவில்லை. அவருக்காக ஒரு சரித்திரம். பிரான்சின் தென்கடற்கரையில் பி.ஐ.பி. என்ற கம்பெனி இந்தப் பைகளைச் செய்து 65 நாடுகளுக்கு விற்றது. ஏறக்குறைய 3 லட்சம் பெண்கள் அவற்றை வைத்துக்கொண்டார்கள். 2010-ம் வருஷம் வெளிப்பட்ட உண்மை என்னவென்றால், வைத்தியத்துக்கென்று சுத்திகரித்த சிலிகானுக்குப் பதிலாக, தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் மலிவான சிலிகானை உள்ளே நிரப்பியிருந்தார்கள். சோதிக்க வந்த அதிகாரிகளுக்கு முன் சுத்தமான சரக்கைக் காட்டி ஏமாற்றியிருந்தார்கள். முதலாளியான ழான்-குளோத் மாஸ் என்பவருக்கு 2013-ம் வருஷம் மார்செய் நகர நீதிமன்றம் 4 வருஷச் சிறைத்தண்டனை விதித்தது. ஏழாம் கற்பனையையும் எட்டாம் கற்பனையையும் ஒரே பைக்குள் போட்டு மீறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. களவின் லாபம் கம்பெனிக்கு. கிழிந்த பையைச் சுமந்தவர்கள் பெண்கள். ஆகையால் பையின் பெயர், இலக்கம், செய்த கம்பெனி எல்லாம் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்காமல் எந்த ஆஸ்பத்திரியிலிருந்தும் வெளியேறக்கூடாது. அதைக் கொடுக்க மறுக்கும் இடத்தில் பாதி விலையென்ன, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

2021-ம் வருஷம் அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு விதி ஏற்பட்டது. ஒவ்வொரு பைக்கும் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கவேண்டும். நோயாளியோடு உட்கார்ந்து அபாயங்கள் ஒவ்வொன்றையும் பட்டியல்படி பேசி முடித்தாலொழிய விற்கக்கூடாது. முதல் பை வைத்து 59 வருஷத்துக்குப்பின் இந்த விதி வந்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கு என்பதற்கு இத்தனை காலம்.

இனி, சொந்தச் சதை. 1982-ம் வருஷம் அமெரிக்காவில் ஹார்ட்ராம்ப் என்ற வைத்தியர், அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் தசையோடு சேர்த்து மேலே திருப்பி மார்பாக்கும் முறையை வெளியிட்டார். பிற்பாடு தசையை விட்டுவிட்டு, இரத்தக்குழாயோடு தோலையும் கொழுப்பையும் மட்டும் எடுக்கும் நுட்பமான முறையும் வந்திருக்கிறது. இதில் அந்நிய வஸ்து இல்லை. 10 வருஷத்தில் மாற்றவேண்டியதில்லை. அவளோடு சேர்ந்து பருக்கும், மெலியும், மூப்படையும். ஆனால் ஆபரேஷன் நீண்டது. காயம் ஒன்றுக்கு இரண்டு. தசையை எடுத்தால் வயிற்றுச்சுவர் பலவீனப்பட்டுக் குடலிறக்கம் வரலாம். மேஜைமுன் உட்கார்ந்து வேலை செய்பவளுக்கு இது தாங்கக்கூடியது. நாற்று நடுகிறவளுக்கும், மீன்கூடை சுமக்கிறவளுக்கும் வயிறுதான் பிழைப்பு. அவளுடைய மார்பைப்பற்றி முடிவு செய்கிறவர்கள் அவளுடைய கூடையின் பாரத்தையும் நிறுத்துப் பார்க்கவேண்டாமா?

ஒன்றும் வைக்காமல் விடுவதிலும் வகை உண்டு. உள்பாடிக்குள் வைத்துக்கொள்ளும் மார்புத் துணை சிலிகானிலும் கிடைக்கிறது, பஞ்சடைத்ததும் கிடைக்கிறது. பருத்தி நூலால் பின்னி, மார்பிழந்தவர்களுக்கு இலவசமாய்க் கொடுக்கிற நல்ல கைகளும் இருக்கின்றன. நம் பங்கில் பாலன் குடிலுக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிற பெண்கள் இதை ஒரே சாயங்காலத்தில் கற்றுக்கொள்வார்கள். ராத்திரி கழற்றி வைத்துவிடலாம். ஸ்கேன் தேவையில்லை. இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. மார்பை எடுக்கிற அன்றே இதையெல்லாம் தீர்மானித்தாகவேண்டும் என்பதில்லை. நோய்ச் சிகிச்சை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, ஆறி, வருஷங்கள் கழித்தும் செய்துகொள்ளலாம். அவசரப்படுத்துகிறவன் யாராயிருந்தாலும், அவனுக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம்.

இப்பொழுது அந்தச் சகோதரியிடம் திரும்புவோம். வீண்பெருமை அல்ல என்று நாங்கள் சொன்னதும் அவள் முகம் தெளிந்தது. ஆனால் உடனே அடுத்த பாரத்தை இறக்கிவைத்தாள். பெரிய மகள் கலியாணத்துக்கென்று சேர்த்த பணத்தில் கைவைக்கவேண்டிவரும். ஒரு தாய் அதைச் செய்யலாமா? இதற்கு ஆம், இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? மகளைக் கேட்டீர்களா என்றுதான் கேட்டேன். கேட்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் அவளைப்பற்றிப் பேசினார்கள், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. மாமியாரின் வார்த்தை கொடுமையாகத் தோன்றுகிறது. எனினும் அந்தக் கிழவி எந்தக் காலத்தில் வளர்ந்தவர் என்பதையும், பெண்ணின் மார்பு பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் புருஷனுக்கும் என்றே அவருக்குச் சொல்லி வளர்த்தார்கள் என்பதையும் நினைத்தால், கோபம் பாதி தணிகிறது. அது அவளுக்கும் உரியது, குனிந்து கோலம் போடும்போதும், சட்டை மாட்டும்போதும், இருட்டில் தனியே படுத்திருக்கும்போதும் அவளுடையது என்று அந்தக் கிழவியிடம் யார் எப்போது சொன்னார்கள்?

நான் புருஷனிடம் ஒரே ஒரு காரியம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்று சொன்னது சரிதான். ஆனால் அவள் எதை விரும்பலாம் என்பதற்குத் தேவையான உண்மைகளைத் தெரிந்துகொள்ள அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்றேன். வைத்துக்கொள் என்று சொன்னாலும், வேண்டாம் என்று சொன்னாலும், அவர் தம் கண்ணுக்காகவே சொல்லுவதாக அவளுக்குத் தோன்றும். கூடப் போய் உட்கார்ந்து கேட்டால் அப்படித் தோன்றாது. அவர் தலையைக் குனிந்துகொண்டு, சரி என்றார்.

மறுவாரம் போனார்கள். யாரும் எதிர்பாராத விதமாய், மாமியாரும் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டார். டாக்டர் அம்மாள் பைகளை மேஜைமேல் வைத்து ஒவ்வொன்றாய் விளக்கினாராம். புருஷன் கேட்க நினைத்துக் கேளாமல் இருந்தார். சகோதரியும் கூச்சத்தினால் பேசவில்லை. மாமியார்தான் ஒரு பையைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு முதலில் வாயைத் திறந்தார்.

"டாக்டரம்மா, எங்க தெருவுல கொழாத் தண்ணி வராது. நாந்தான் இவளை இத்தனை வருசமா கொடந் தூக்க விட்டிருக்கேன். வயித்துல எடுத்து வெச்சா இவ கொடந் தூக்கலாமா? தூக்கக்கூடாதுன்னா எத்தன மாசத்துக்கு? அதுவரைக்கும் நான் தூக்கிருவேன். அதுக்கப்புறம்?"

டாக்டர் அம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியைக் கிழவியின் பக்கம் திருப்பிப்போட்டுக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினாராம்.